தூக்குக்குண்டும் மூழ்கிய கண்டமும்: புவிச்சமநிலைக் கருத்தாக்கத்தின் வரலாறும் லெமூரியாக் கோட்பாடும்

ஆய்வுச்சுருக்கம்

இந்தியாவில் நடைபெற்ற மாபெரும் முக்கோண நில அளவையில் 5.236 விகலை அளவிலான ஒரு வேறுபாடு தோன்றியது. மலை, ஆறு, கடல், புவியின் உட்பகுதி ஆகிய அனைத்தையும் ஒரே இயங்குமுறையின் உறுப்புகளாகக் காணும் புவிச்சமநிலைக் கருத்தாக்கத்திற்கு அவ்வேறுபாடே வித்திட்டது. பெருங்கண்டமொன்று கடலடியில் அமிழ்ந்தது என்னும் லெமூரியாக் கோட்பாட்டின் இயற்பியல் அடிப்படையைத் தகர்த்ததும் இக்கருத்தாக்கமே. அம்மறுப்பிற்குரிய முதன்மைச் சான்றுகள், லெமூரியா தமிழ் வரலாற்றெழுத்தினுள் நுழைவதற்கு முன்னரே இந்திய நில அளவைப் பதிவுகளில் இடம்பெற்றிருந்தன என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: புவிச்சமநிலை, முக்கோண நில அளவை, பிராட், ஏரி, லெமூரியா, குமரிக்கண்டம், கடற்கோள்.

முன்னுரை

குமரிக்கண்டம் குறித்த தமிழாய்வுகள் பெரும்பாலும் இரண்டு திசைகளிலிருந்து எழுதப்பட்டுள்ளன. இறையனார் களவியல் உரையும் அடியார்க்குநல்லார் உரையும் தரும் கடற்கோள் செய்திகளை வரலாறாகக் கொண்டு விரித்துரைப்பது ஒரு திசை. அச்செய்திகள் நவீன காலத்தில் எவ்வாறு தேசியப் பெருமிதமாக உருமாறின என்று ஆராய்வது மற்றொரு திசை. சுமதி இராமசாமியின் ஆய்வு (2004) இரண்டாவதற்குச் சிறந்த சான்றாகும். இவ்விரண்டிலும் போதிய கவனம் பெறாத வினா ஒன்று உண்டு. ஒரு கண்டம் கடலினுள் மூழ்குதல் இயற்பியல் முறையில் இயலுமா? 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியிலேயே இவ்வினாவிற்கு விடை உருவாகத் தொடங்கிவிட்டது. அவ்விடையின் பிறப்பிடம் ஐரோப்பியப் பல்கலைக்கழகம் எதுவுமன்று. பரங்கிமலையில் தொடங்கிய நில அளவைச் சங்கிலியே அதன் பிறப்பிடம்.

1. கணக்கில் நேராத 5.236 விகலை

வில்லியம் லாம்டன் 1802இல் பரங்கிமலைக்கு அருகே சுமார் 7.5 மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை அளந்தார். அவ்வடிக்கோட்டிலிருந்து தொடங்கிய முக்கோணங்களின் தொடர், பின்னர் 78ஆம் தீர்க்கக்கோட்டை ஒட்டிக் குமரிமுனைப் பகுதியிலிருந்து இமய அடிவாரம் வரை சுமார் 2400 கி.மீ. தொலைவுக்கு நீண்டது. 'பெரும் வில்' என வழங்கப்பட்ட இத்தொடரை ஜார்ஜ் எவரெஸ்ட் 1841இல் நிறைவு செய்தார். இதன் வரலாறு பெரும்பாலும் இவ்விரு ஆங்கிலேயரின் பெயர்களால் மட்டுமே எழுதப்படுவது வழக்கம். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மீது ஏற்றப்பட்டபோது கயிறு அறுந்து மோதிச் சிதைந்த பெரிய தியோடலைட்டைப் பற்றிப் பேசுவோர், அத்தகைய கருவிகளைப் பிற்காலத்தில் பழுதுபார்த்துப் பேணிய ஆற்காட்டைச் சேர்ந்த சையது மீர் மோசின் உசேனைப் பற்றிப் பேசுவது அரிது. விகலையின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை எழுதப்பட்ட எண்களை நம்புவதற்கு இத்தகைய கைவினைஞர்களின் உழைப்பும் காரணமாகும்.

விகலை என்பது ஒரு பாகையின் 3600இல் ஒரு பங்கு. மத்திய இந்தியாவின் கல்யாண்பூருக்கும் வடக்கே முசாபர்நகரை அடுத்த கலியானாவிற்கும் இடையிலான தொலைவு சுமார் 600 கி.மீ. இவ்விரு நிலையங்களுக்கும் இடைப்பட்ட அட்சரேகை வேறுபாடு இரண்டு வழிகளில் கணிக்கப்பட்டது. முக்கோண அளவீடு 5 பாகை 23 கலை 42.294 விகலை என்றது. விண்மீன்களை நோக்கிச் செய்த அளவீடு 5 பாகை 23 கலை 37.058 விகலை என்றது. இரண்டிற்கும் இடையில் 5.236 விகலை வேறுபாடு. தரையில் இது ஏறத்தாழ 160 மீட்டர். அறுநூறு கிலோமீட்டருக்கு நூற்றறுபது மீட்டர் என்பது இன்றைய வாசகருக்குச் சிறு பிழையாகத் தோன்றலாம். அவ்வளவையின் துல்லியத்திற்கு அது பொறுக்க இயலாத பிழை. எவரெஸ்ட் இதனை அளவீட்டுப் பிழையாகவே கருதித் தம் கணக்கில் பகிர்ந்தளித்தார்.

விண்மீன் அளவீட்டிற்குச் 'செங்குத்து' எது என்பது தெரிந்திருக்க வேண்டும். அதனைக் காட்டுவது புவியீர்ப்பு. கொத்தனார் சுவரின் நேர்மையைச் சோதிக்கத் தொங்கவிடும் தூக்குக்குண்டு செய்யும் அதே பணிதான் இங்கும் நடைபெறுகிறது. அருகில் பெருமலை ஒன்று இருப்பின் அதன் ஈர்ப்பால் குண்டு மலைப்பக்கம் சாயும். வானுச்சி எதிர்ப்பக்கம் நகரும். கணிக்கப்படும் அட்சரேகை குறையும். இது புதிய செய்தியன்று. பியர் பூகேர் தென்னமெரிக்காவின் சிம்பராசோ மலையருகே 1738இல் இதனைச் சோதித்தார். நெவில் மாஸ்கலின் ஸ்காட்லாந்தின் ஷிகாலியன் மலையில் 1774இல் அளந்தும் காட்டினார். பூகேர் கண்ட சாய்வு எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக இருந்தது என்பதை இங்கு நினைவிற்கொள்ளல் தகும்.

2. ஈர்க்க வேண்டிய அளவிற்கு ஈர்க்காத இமயம்

எவரெஸ்டுக்குப் பின் தலைமை நில அளவையராகப் பொறுப்பேற்ற ஆண்ட்ரு வா, இச்சிக்கலை ஜான் ஹென்றி பிராட்டிடம் கொண்டு சென்றார். பிராட் கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்றவர். அக்காலத்தில் கல்கத்தாவின் ஆர்ச்டீக்கன் பதவியிலிருந்த சமய குரு. இமயமும் அதற்கப்பாலுள்ள திபெத்திய மேட்டுநிலமும் தூக்குக்குண்டை எவ்வளவு ஈர்க்கும் என்று அவர் கணக்கிட்டார். 1855இல் வெளியான அவரது கட்டுரை தரும் விடை: கலியானாவில் 27.853 விகலை, கல்யாண்பூரில் 11.968 விகலை. இரண்டின் வேறுபாடு 15.885 விகலை. உண்மையில் காணப்பட்டதோ 5.236 மட்டுமே.

சிக்கல் இங்கே தலைகீழாகத் திரும்பிவிட்டது. விளக்கம் பெற வேண்டிய பிழை 5 விகலை என்று தொடங்கிய ஆய்வு, காணாமற்போன 10 விகலைக்கு விடை தேடும் நிலைக்கு வந்தது. உலகின் மிகப்பெரிய மலைத்தொடர் தன் பருமனுக்கு ஏற்ப ஈர்க்கவில்லை.

அரசு வானியலாளர் ஜார்ஜ் பிடெல் ஏரி அதே 1855இல் சில பக்க அளவே உள்ள விளக்கமொன்றை அளித்தார். இவ்வளவு பெரிய மலைத்திரளைப் புவிமேலோடு தாங்கி நிற்க இயலாது, உடைந்துவிடும். எனவே, அடர்த்தி மிக்க கீழ்ப்பொருளினுள் மேலோடு அமிழ்ந்து மிதக்கிறது என்பது அவர் கருத்து. நீரில் மிதக்கும் மரக்கட்டைகளுள் ஒன்று மற்றவற்றைவிட உயர்ந்து தெரிந்தால், அது நீருக்கடியிலும் ஆழமாக இறங்கியிருக்கும் என்பது அவர் கையாண்ட ஒப்புமை. மலைக்கும் அவ்வாறே எடை குறைந்த வேர் உண்டு. மேலே மிகுந்துள்ள பொருளின் ஈர்ப்பைக் கீழே குறைந்துள்ள அடர்த்தி பெரிதும் ஈடுசெய்துவிடும்.

பிராட் இதனை ஏற்கவில்லை. 1859இல் அவர் வேறொரு விளக்கம் தந்தார். ஒரு குறிப்பிட்ட ஆழத்திற்கு மேலுள்ள ஒவ்வொரு நிலத்தூணும் ஒரே எடை உடையது. உயர்ந்த தூண் அடர்த்தி குறைந்தது, தாழ்ந்த தூண் அடர்த்தி மிகுந்தது என்பது அவ்விளக்கம். பாடநூல்கள் ஏரியை வென்றவராகவும் பிராட்டைத் தோற்றவராகவும் காட்டுவதுண்டு. இது நேரியதன்று. நிலநடுக்க அலைகளைக் கொண்டு பின்னர் அளக்கப்பட்ட திபெத்திய மேலோட்டின் தடிப்பு ஏறத்தாழ 70 கி.மீ. இயல்பான கண்டப்பகுதிகளில் அது 35 முதல் 40 கி.மீ. வரையே. மலைகளைப் பொறுத்தவரை ஏரியின் வேர் உண்மை. கண்டத்திற்கும் கடற்றளத்திற்கும் இடையிலான வேற்றுமையில் பிராட்டின் அடர்த்தி வேறுபாட்டிற்கும் பங்குண்டு. லெமூரியாவைப் பொறுத்தவரை இந்த இரண்டாவது செய்தியே இன்றியமையாதது.

3. மினிக்காய்த் தீவின் ஊசல்

ஜேம்ஸ் பலாடியோ பசேவி 1865இலிருந்து இந்திய நில அளவைக்காக ஊசல்களை இயக்கிப் புவியீர்ப்பை அளந்து வந்தார். ஈர்ப்பு மிகுந்த இடத்தில் ஊசல் விரைந்தும் குறைந்த இடத்தில் மெதுவாகவும் ஆடும். உள்நாட்டு நிலையங்களைவிடக் கடற்கரை நிலையங்களில் ஈர்ப்பு மிகுந்திருந்தது. அரபிக்கடலின் நடுவிலுள்ள மினிக்காய்த் தீவில் கடற்கரையைவிடவும் மிகுந்திருந்தது. அடர்த்தி குறைந்த நீரால் சூழப்பட்ட தீவில் ஈர்ப்பு குறைய வேண்டும் என்பதே எளிய எதிர்பார்ப்பு. அது மிகுந்ததெனில் கடலுக்கடியிலுள்ள பாறை கண்டப்பாறையைவிட அடர்த்தி மிக்கதாதல் வேண்டும். பிராட் 1871இல் எழுதிய கட்டுரையில் இம்முடிவைத் தம் கருத்திற்கு அரணாகக் கொண்டார். அதே ஆண்டில் பசேவி லடாக்கின் மோரே சமவெளியில் 15,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் ஊசல் ஆய்வு மேற்கொண்டு, அப்பணியிடையே இறந்தார். பிராட்டும் அவ்வாண்டின் இறுதியில் மறைந்தார்.

குமரிமுனைக்கு மேற்கே, லெமூரியா பரந்திருந்ததாகக் கூறப்பட்ட அதே கடலின் அடித்தளம் கண்டத்தின் பொருளால் ஆனதன்று என்பதற்கான முதல் அளவீட்டுச் சான்று இதுவேயெனலாம்.

4. அரிப்பு மலையை உயர்த்துதல்

ஏரியும் பிராட்டும் நிலையான படமொன்றையே வரைந்தனர். அதற்கு இயக்கம் தந்தவர் அமெரிக்க நிலவியலாளர் கிளாரன்ஸ் டட்டன். கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கை ஆராய்ந்தவர் அவர். 1889இல் வாஷிங்டனில் ஆற்றிய உரையில் 'ஐசோஸ்டசி' என்னும் சொல்லை நிலைபெறச் செய்தார். ஆறுகள் மலையை அரித்து வண்டலைக் கடலோரத்தில் குவிக்கின்றன. எடை குறைந்த மலை எழுகிறது. எடை கூடிய கடலோரம் அமிழ்கிறது. கீழே பிசுபிசுத்த பொருள் அமிழும் பகுதியிலிருந்து எழும் பகுதி நோக்கி மெல்ல ஒழுகுகிறது.

இதன் அளவை எளிய கணக்கால் அறியலாம். கண்டப்பாறையின் அடர்த்தி நீரைப் போல் சுமார் 2.8 மடங்கு; அதன் கீழுள்ள கவசத்தின் அடர்த்தி 3.3 மடங்கு. ஒரு பரந்த நிலப்பகுதியில் 1000 மீட்டர் பாறை அரிக்கப்பட்டால், கீழிருந்து சுமார் 850 மீட்டர் எழுச்சி அதனை ஈடுசெய்யும். மேற்பரப்பு தாழ்வது ஏறத்தாழ 150 மீட்டர் மட்டுமே. மலைகள் பல கோடி ஆண்டுகள் அரிக்கப்பட்டும் மலைகளாகவே நிற்பதன் காரணம் இதுவே.

அரிப்பு எங்கும் சீராக நிகழ்வதில்லை. எவரெஸ்ட் மலையேற்றக் குழுவில் 1933இல் இடம்பெற்ற நிலவியலாளர் வேஜர், அருண் ஆற்றைப் பற்றி 1937இல் எழுதியபோது இதன் விளைவைச் சுட்டினார். ஆறு பள்ளத்தாக்கை ஆழமாகக் குடைந்து எடையைக் குறைக்கும்போது அப்பகுதி முழுவதும் எழுகிறது. அரிக்கப்படாத சிகரங்கள் முன்பிருந்ததைவிட உயர்கின்றன. அருண் ஆற்றோடு வேறோர் ஆறு சுமார் 89,000 ஆண்டுகளுக்கு முன்னர் இணைந்ததால் விளைந்த அரிப்பு, எவரெஸ்ட் சிகரத்தை 15 முதல் 50 மீட்டர் வரை உயர்த்தியிருக்கலாம் என 2024இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டுள்ளது. பீட்டர் மோல்னரும் பிலிப் இங்லண்டும் 1990இல் இதனினும் கடினமான வினாவை எழுப்பினர். மலை உயர்ந்ததால் தட்பவெப்பம் மாறியதா, தட்பவெப்பம் மாறி அரிப்பு மிகுந்ததால் சிகரங்கள் உயர்ந்தனவா? கோழியா முட்டையா என்னும் வினாவாகவே அவர்கள் தம் கட்டுரைக்குத் தலைப்பிட்டனர். மழையும் பனியாறும் புறவிசைகள், மலையாக்கம் அகவிசை என்று பாடநூல்கள் வகுக்கும் பிரிவு, இங்கே வகுப்பறை வசதிக்கு மேல் பொருளற்றதாகிறது.

அரிக்கப்பட்டவை சேருமிடம் வங்கக்கடல். கங்கையும் பிரம்மபுத்திராவும் ஆண்டுதோறும் சுமார் 100 கோடி டன் வண்டலைச் சுமந்து வருகின்றன. வங்கப் படிவு விசிறி சுமார் 3000 கி.மீ. தெற்கே நீண்டு, இலங்கையின் கிழக்குக் கடலடியைக் கடந்து செல்கிறது. இலங்கைக்குக் கிழக்கே கடலடியைத் துளையிட்டால் கிடைப்பது இமயத்தின் மணல்தான். மூழ்கிய தென்னாடொன்றின் மண்ணன்று.

5. ஒரே நகரம், இரண்டு அறிவுமரபுகள்

விலங்கியலாளர் பிலிப் ஸ்கிளேட்டர் 1864இல் மடகாஸ்கரின் பாலூட்டிகளைப் பற்றி எழுதியபோது, லெமூர் இனங்களின் பரவலை விளக்க 'லெமூரியா' என்னும் கண்டத்தைக் கற்பித்தார். எர்ன்ஸ்ட் ஹெக்கல் அதனை மனித இனத்தின் தொட்டிலாக்கினார். நிலவியல் அடிப்படை தந்தவர்களுள் முதன்மையானவர் ஹென்றி பிரான்சிஸ் பிளான்ஃபோர்டு. திருச்சிராப்பள்ளிப் பகுதியின் கிரிட்டேசியப் பாறைகளை ஆராய்ந்தவர் அவர். அப்பகுதியின் தொல்லுயிர் எச்சங்கள் தென்னாப்பிரிக்காவின் நட்டால் எச்சங்களை ஒத்திருந்தன. 1875இல் அவர் இந்தியப் பெருங்கடலில் முன்னொரு காலத்தில் கண்டம் இருந்தது என வாதிட்டார். எச்சங்களின் ஒப்புமை உண்மையே. அதற்குத் தந்த விளக்கமே பின்னர் மாறியது.

1860களில் பிளான்ஃபோர்டும் பிராட்டும் கல்கத்தாவிலேயே வாழ்ந்தனர். ஒருவரது கையில் இருகரைகளின் ஒப்புமை. மற்றவரது கையில் கடற்றளத்தின் அடர்த்தி. இரண்டையும் இணைத்திருந்தால் 'கண்டம் மூழ்கவில்லை. எனினும் கரைகள் ஒன்றாயிருந்தன' என்னும் புதிர் அன்றே வெளிப்பட்டிருக்கும். இணையாமைக்குக் காரணம் தனிமனிதரின் கவனக்குறைவாகத் தோன்றவில்லை. புவி குளிர்ந்து சுருங்குகிறது, சுருங்கும்போது மேலோட்டின் பகுதிகள் இடிந்து விழுகின்றன என்பது அக்கால நிலவியலின் பொதுக்கருத்து. கோண்டுவானா நிலத்திற்குப் பெயர் தந்த எட்வர்டு சூயஸின் பெருநூலும் இக்கருத்தின் மீதே எழுப்பப்பட்டது. அப்படத்தில் கண்டங்கள் மூழ்குவது வழக்கமான நிகழ்ச்சி. மேலும், ஈர்ப்பளவீடு என்பது நில அளவையரின் கருவித் திருத்தத்திற்கு உரியதாகவும் தொல்லுயிர் எச்சம் நிலவியலாளருக்கு உரியதாகவும் பகுக்கப்பட்டிருந்தது.

இரண்டையும் இணைத்தவர் ஆல்ஃபிரெட் வெகனர். அவர் 1912இல் முன்வைத்த வாதத்தின் முதற்கூறு தரைப்பாலங்களுக்கு எதிரானது. கண்டங்கள் சராசரியாகக் கடல்மட்டத்திற்கு மேல் 800 மீட்டர் அளவில் நிற்கின்றன. கடற்றளம் சராசரியாக 3700 மீட்டர் ஆழத்தில் உள்ளது. எடை குறைந்ததால் மிதக்கும் பொருள் அவ்வளவு ஆழத்திற்கு அமிழாது. அமிழாதெனில், ஒன்றாயிருந்தவை விலகியிருத்தல் வேண்டும். கண்ட நகர்வுக் கொள்கையைத் தமிழில் அறிமுகப்படுத்தும் எழுத்துகள் கடற்கரைகளின் பொருத்தத்தை விரித்துரைத்து, இவ்வாதத்தை விட்டுவிடுவது ஒரு குறையாகும். வைன், மேத்யூஸ் ஆகிய இருவரும் 1963இல் கடற்றளப் பரவலுக்குச் சான்றாகக் கொண்ட காந்த அளவீடு, இந்தியப் பெருங்கடலின் கார்ல்ஸ்பர்க் முகட்டில் எடுக்கப்பட்டது. மடகாஸ்கரும் இந்தியாவும் சுமார் 880 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன. இடையிலுள்ள கடற்றளம் அதன்பின் புதிதாகத் தோன்றியது.

6. தமிழ் வரலாற்றெழுத்தில் நுழைந்த காலம்

மக்ளீனின் சென்னை மாகாண நிர்வாகக் கையேடு (1885) லெமூரியாக் கருத்தை அரசு ஆவணமொன்றில் பதிவு செய்தது. பரிதிமாற் கலைஞரின் 'தமிழ்மொழியின் வரலாறு' (1903) குமரிநாட்டைப் பேசியது. பின்னர்க் கா. அப்பாத்துரை, தேவநேயப் பாவாணர் ஆகியோரின் எழுத்துகளில் குமரிக்கண்டம் நிலைபெற்றது. காலவரிசையை நோக்கினால், பிராட்டின் 1871ஆம் ஆண்டுக் கட்டுரை இவை அனைத்திற்கும் முந்தையது.

இதனைக் கொண்டு முன்னோடித் தமிழறிஞர்களைக் குறைகூறுதல் பொருந்தாது. அவர்கள் தம் காலத்து மதிப்புமிக்க நிலவியலாளரின் கூற்றையே எடுத்தாண்டனர்; அந்நிலவியலாளரே அண்டைத் துறையின் சான்றைக் கருதாதிருந்தபோது, மொழியறிஞரிடம் அதனை எதிர்பார்க்க இயலாது. ஆயினும் 1966இல் வெளிவந்த பாவாணரின் ஆங்கில நூல் முதலானவற்றின் நிலை வேறு. அப்போது கடற்றளப் பரவல் குறித்த ஆய்வுகள் அச்சேறிவிட்டன. இன்று முனைவர் பட்ட ஆய்வேடுகளில் 'நிலவியலார் கூற்றுப்படி லெமூரியா' என்று எழுதப்படும் வரிக்கு அடிப்படையாக அமைவது, நிலவியல் துறை கைவிட்ட கூற்றேயாகும்.

7. கடற்கோளுக்கு இடமுண்டா?

கண்டம் மூழ்காது என்பதால் நிலம் மூழ்காது என்றாகாது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்னர், பனியூழியின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றுள்ளதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக் நீரிணையின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழத்தைத் தாண்டாது. அன்று அது தரை. குமரிமுனைக்குத் தெற்கேயுள்ள கண்டத்திட்டின் பெரும்பகுதியும் தரையே. பனி உருகிய பல ஆயிரம் ஆண்டுகளில் கடல் படிப்படியாக ஏறி, சுமார் 7000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய நிலையை நெருங்கியது. நிலவியலாளர் சு. கி. ஜெயகரன் 'குமரி நில நீட்சி' என்னும் நூலில் இத்திசையில் விவாதித்துள்ளார். 'கண்டம்' என்னும் சொல்லை நீக்கி 'நீட்சி' என்று அவர் குறித்தது பெயர் மாற்றம் மட்டுமன்று. அது விவாதத்தை மூழ்கும் கண்டத்திலிருந்து ஏறும் கடலுக்கு நகர்த்துகிறது. இவ்வாறு கடல்கொண்ட நிலம் கண்டத்திட்டின் எல்லைக்குட்பட்டது. ஏழேழ்நாற்பத்தொன்பது நாடுகளுக்கு அதில் இடம்காண்பது கடினம்.

மொரீசியஸ் தீவின் எரிமலைப் பாறையில் கிடைத்த சுமார் 300 கோடி ஆண்டுப் பழமையுடைய சிர்கான் மணிகளைக் கொண்டு, 2017இல் 'மொரீசியா' என்னும் கண்டத்துண்டு பற்றி ஆய்வாளர் எழுதினர். 'லெமூரியா கிடைத்துவிட்டது' என இதனைக் கொண்டாடியோர் உண்டு. அத்துண்டு மூழ்கியது மேலோடு இழுபட்டு மெலிந்ததால். மெலிந்த கட்டை தாழ்ந்து மிதக்கும் என்னும் ஏரியின் விதிப்படியே அது தாழ்ந்தது. அந்நிகழ்ச்சியின் காலமோ மனித இனம் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகள் முந்தையது.

தமிழகக் கடலோரத்தின் பழைய கரைக்கோட்டை வரைய முற்படுவோர், இன்றைய ஆழப்படத்தில் 120 மீட்டர்க் கோட்டைத் தொட்டு வரைவதோடு நின்றுவிடுகின்றனர். ஏறிய கடல்நீரும் ஓர் எடையே. அது கண்டத்திட்டை அழுத்தித் தாழ்த்துகிறது. கடற்றளத்திலிருந்து விலகும் கவசப்பொருள் கரையோரத்தின் கீழ் ஒழுகி அதனைச் சற்றே உயர்த்துகிறது. காவிரியின் வண்டல் தன் கழிமுகத்தைத் தனியே அமிழ்த்துகிறது. பூம்புகார்க் கடற்பகுதிக்கும் குமரிமுனைக் கடற்பகுதிக்கும் இத்திருத்தங்கள் ஒன்றாக இரா. ஒவ்வொன்றையும் அவ்விடத்துப் படிவுகளின் வயதைக் கொண்டு தனித்தனியே கணக்கிட வேண்டியிருக்கிறது.